யாரும் இழுக்காத கயிறு

"இந்த வருஷம் கயிறு இழுக்கிற போட்டியில நானும் இறங்கறேன், டைரக்டர்" என்றார் கல்லூரி முதல்வர், முழுக்கைச் சட்டையை மடித்து விட்டபடி.

டைரக்டரின் வாயிலிருந்த விசில் நழுவிக் கழுத்தில் தொங்கியது.

கல்லூரி விளையாட்டு விழாவின் கடைசிப் போட்டி அது. ஒரு பக்கம் பேராசிரியர்கள், மறுபக்கம் அலுவலகப் பணியாளர்கள். டைரக்டர் இந்தக் கல்லூரிக்கு வந்ததிலிருந்து ஒவ்வொரு வருடமும் பேராசிரியர்கள்தான் மண்ணைக் கவ்வியிருக்கிறார்கள். காரணம், அலுவலக அணியில் கயிற்றின் கடைசி முனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்கும் கணக்குப் பிரிவுக் கண்காணிப்பாளர். அந்த அம்மாள் ஊன்றிய காலை யாரும் அசைத்ததாகச் சரித்திரம் இல்லை.

டைரக்டருக்கு இது மற்றவர்களைவிட நன்றாகவே தெரியும். அவர் அந்த அம்மாளின் கணவர்.

"சார், வெயில் அதிகம். நீங்க நாற்காலியில உட்கார்ந்து..."

"ஏன், எனக்கு வயசாயிடுச்சுங்கிறீங்களா?"

"ஐயோ, இல்ல சார்."

முதல்வர் ஒரு புன்னகையோடு போய்விட்டார். டைரக்டரின் அறை வாசலில் ஒரு பலகை உண்டு. அதில் 'விளையாட்டுத் துறை இயக்குநர்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். கீழே 'தற்காலிகம்' என்று சின்ன எழுத்தில் இருக்கும். பல வருடங்களாக அவர் கண்ணுக்குத் தெரிவது அந்தச் சின்ன எழுத்து மட்டும்தான். அது நீங்குமா, நீடிக்குமா என்பதை இன்று விழா மேடையில் முதல்வர் அறிவிக்கப் போகிறார். அறிவிக்கும் முன்னால் தன் மனைவியே அந்த முதல்வரைக் குப்புறத் தள்ளினால் என்ன ஆகும்?

கணக்குப் பிரிவுக்கு ஓடினார். மனைவி மேஜைக்கு அடியில் செருப்பைக் கழற்றி விட்டு, ஓட்டப் பந்தயக் காலணிக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு ஒரு நாள் தோத்துடும்மா."

"யாருகிட்ட?"

"முதல்வர்கிட்ட. அவரும் கயிறு பிடிக்கிறாராம்."

"டைரக்டர் சார், விளையாட்டுல நேர்மை வேணும்னு பசங்களுக்குப் பக்கம் பக்கமா பேசறது நீங்கதானே?"

"நேர்மையா நான் வேலையை விட்டு வீட்ல உட்கார்ந்தா உனக்குப் பரவாயில்லையா?"

அவள் சற்று யோசித்தாள். அவர் வீட்டில் உட்காருவதை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். முகம் உடனே மாறியது.

"சரி. ஆனா நாளையிலேர்ந்து ஒரு வருஷத்துக்குக் காலையில எழுந்து டீ போடறது நீங்க."

"ஒரு வருஷமா?"

"முதல்வர் கனமான ஆளு. அவர் விழற வேடிக்கையை நான் விட்டுக்குடுக்கணும்ல."

"போடறேன், போடறேன்."

நிம்மதியாக மைதானத்துக்கு வந்தவரை முதல்வர் அவசரமாகத் தனியே இழுத்துக்கொண்டு போனார். முகத்தில் பழைய புன்னகை இல்லை.

"தாளாளர் அம்மா திடீர்னு அலுவலகத்துப் பக்கம் சேர்ந்துட்டாங்கய்யா. முன்னால நின்னு இழுக்கப் போறாங்களாம். அவங்களை நாங்க மண்ணுல இழுத்துப் போட்டா, நாளைக்கு உங்களையும் என்னையும் சேர்த்து வெளியில இழுத்துப் போடுவாங்க. எங்க ஆளுங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நாங்க தோக்கறோம்."

டைரக்டருக்கு மைதானம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. மறுபடி ஓடினார். அலுவலக அணி ஏற்கெனவே வரிசை கட்டி நின்றிருந்தது. கடைசியில் மனைவி இடுப்பில் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"இப்ப நீ ஜெயிக்கணும்."

"கொஞ்சம் முன்னாடி தோக்கச் சொன்னீங்க."

"அது அப்ப. இது இப்ப. தாளாளர் உங்க பக்கம் இருக்காங்கல்ல?"

"தோக்கறதுக்குப் பேசினது டீ. ஜெயிக்கறதுக்குத் தனியா பேசணும்."

"சீக்கிரம் சொல்லு."

"என் தம்பி குடும்பத்தோட வந்து பத்து நாள் தங்குவான். நீங்க சிரிச்ச முகமா இருக்கணும்."

டைரக்டர் கண்ணை மூடிக்கொண்டார். மச்சான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துகொண்டு, எல்லா விளையாட்டையும் எப்படி ஆட வேண்டும் என்று அவருக்கே கற்றுக் கொடுப்பவன்.

"சரி."

"அப்புறம் ஞாயித்துக்கிழமை மைதானம் கிடையாது. விசிலை வீட்டு ஆணியில மாட்டிட்டு, சாயங்காலம் என்னோட நடக்க வரணும். ஓடறதுக்கு இல்ல, நடக்கறதுக்கு."

இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. டைரக்டர் அவளை ஒரு கணம் பார்த்தார். "அதைச் சும்மா கேட்டிருந்தாலே வந்திருப்பேனே" என்றார்.

"நாலு வருஷமா சும்மாதான் கேட்டேன்."

அதற்குள் முதல்வர் எதிர்ப் பக்கத்திலிருந்து கை அசைத்தார்.

"உன் ஆளுங்ககிட்ட மாத்திச் சொல்லிடு."

"எப்படிச் சொல்றது? தாளாளர் காதுல விழாதா? நான் சொல்லி வச்சபடி எல்லாரும் தோக்கறதுக்குத் தயாரா நிக்கறாங்க. ஊதுங்க, பார்த்துக்கலாம்."

வேறு வழியில்லாமல் ஊதினார்.

அப்படி ஒரு போட்டியை அந்த மைதானம் கண்டதில்லை. தோற்பதற்காகப் பேராசிரியர்கள் முன்னால் ஓடி வந்தார்கள். தோற்பதற்காக அலுவலகமும் முன்னால் ஓடி வந்தது. வேதியியல் பேராசிரியரும் பேருந்து ஓட்டுநரும் "நீங்க இழுங்க சார்", "பரவாயில்ல, நீங்க இழுங்க" என்று ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டார்கள். நடுவில் கட்டிய சிவப்புத் துணி அசையாமல் தரையில் கிடந்தது. பின்னாலிருந்து தள்ளப்பட்ட தாளாளரும் முதல்வரும் நடுக்கோட்டில் மூக்கோடு மூக்கு இடிக்காத குறையாக வந்து நின்றார்கள். தூரத்தில் டைரக்டரின் மனைவி மட்டும் ஊன்றிய காலை எடுக்காமல், வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

தாளாளர் கையிலிருந்த தொளதொளக் கயிற்றைப் பார்த்தார். பிறகு டைரக்டரைப் பார்த்தார்.

"யாருப்பா ஜெயிச்சது?"

எப்படியும் வேலை போகப் போகிறது. உண்மையையே சொல்லிவிடலாம் என்று டைரக்டருக்குத் தோன்றியது.

"கயிறுதாங்க மேடம்."

தாளாளர் சிரித்தார். சிரிப்பை நிறுத்த முடியாமல் கயிற்றின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். முதல்வர் சிரித்தார். மைதானமே சிரித்தது. சற்று நேரம் கழித்து மேடையில் முதல்வர் ஒலிபெருக்கியைப் பிடித்து, "நம்ம டைரக்டர் இன்னிலேர்ந்து நிரந்தரம்" என்றபோது மாணவர்களின் விசில் அவருடைய விசிலைவிடச் சத்தமாக இருந்தது.

டைரக்டர் மேடையை விட்டு இறங்கி வந்தார். கால் தரையில் பாவவில்லை. மனைவி கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"பார்த்தியா? ஒரே வார்த்தை சொன்னேன். வேலை நிரந்தரம்."

"உங்க சாமர்த்தியம் யாருக்கு வரும்" என்றாள் அவள். "காலையில டீக்குச் சர்க்கரை கம்மியா போடுங்க."

அவள் கயிற்றோடு கிடங்கை நோக்கி நடந்தாள். கை குலுக்குவதற்காக வந்த முதல்வரின் உதவியாளர், டைரக்டரை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"முந்தாநாள் கூட்டத்துலயே முடிவான விஷயத்துக்கு இன்னிக்கு ஏன் சார் இவ்வளவு வேர்த்தீங்க? கணக்குக் காட்ட வந்திருந்த உங்க வீட்டு மேடம்தானே, 'விழா வரைக்கும் அவர்கிட்ட மூச்சு விடாதீங்க'ன்னு சொல்லிட்டு, முதல்வரையும் தாளாளரையும் தனித்தனியா கயிறு பிடிக்கக் கூப்பிட்டாங்க."