மரியாதை தெரிந்த கொள்ளையர்

அட்டைப்பெட்டிக் கம்பெனி முதலாளி சனிக்கிழமை காலை ஒரு சபதம் எடுத்தார். மறுநாள் மைத்துனனோடு கோல்ஃப் ஆட்டம். இந்த முறையாவது மானத்தைக் காப்பாற்றியே தீருவது. போன வாரம் இரண்டடி தூரத்துக் குழியில் பந்தைத் தள்ள அவருக்கு ஐந்து தட்டு தேவைப்பட்டது. மைத்துனன் சிரிக்கக்கூட இல்லை. "பரவால்ல மாமா" என்றான். அதுதான் பொறுக்கவில்லை.

பயிற்சி வேண்டும். ஆனால் இன்று வீட்டு கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்பது மனைவியின் உத்தரவு. மூன்று மாதமாக டிமிக்கி கொடுத்துவந்த உத்தரவு.

ஆபீஸிலிருந்து மனைவிக்குப் போன் போட்டார்.

"தலையில இடி விழுந்துடுச்சும்மா. நம்ம கம்ப்யூட்டரையெல்லாம் எவனோ பூட்டிட்டான். பணம் குடுத்தாத்தான் திறப்பானாம். இப்பல்லாம் பாதிக் கம்பெனிக்கு இதே கதிதான். நான் இன்னிக்கு வர முடியாது."

"அடடா. மிரட்டல் கடிதம் எதுவும் வந்திருக்கா?"

"திரையில பெரிசா நிக்குது."

எதற்கும் ஒரு சாட்சி இருக்கட்டும் என்று அதை அவரே தட்டச்சு செய்து வைத்திருந்தார்.

கதவைச் சாத்தினார். தரையில் குழிக்குப் பதிலாக டீ டம்ளரைக் கிடத்தி, மட்டையைப் பிடித்தார். கண் பந்துக்கு நேர் மேலே. மணிக்கட்டு அசையக் கூடாது. தோள் மட்டும் ஊஞ்சல்போல. பந்து விழும் சத்தம் கேட்கும்வரை தலையைத் தூக்கவே கூடாது. தட்டினார். காத்திருந்தார். சத்தமே இல்லை. மெல்லத் தலையைத் தூக்கினால், பந்து ஒரு செருப்பில் முட்டி நின்றிருந்தது. செருப்பில் மனைவி நின்றிருந்தாள்.

"மனசு கேக்கலை, ஓடி வந்துட்டேன். கையில என்ன மட்டை?"

"திருடன் வந்தா அடிக்கலாம்னு."

"கம்ப்யூட்டருக்குள்ளேர்ந்தா வருவான்?"

அவள் திரையை உரக்கப் படித்தாள்: 'மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தங்கள் கோப்புகள் பூட்டப்பட்டுள்ளன என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம். திங்கள் காலை பத்து மணிக்குள் தொகையைச் செலுத்தவும். மதியம் ஒன்று முதல் இரண்டு வரை உணவு இடைவேளை. இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள, கொள்ளையர்.'

இருபது வருடமாகக் கம்பெனிக் கடிதம் எழுதிய கை. சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

"நல்ல குடும்பத்துப் பசங்க போலிருக்கு. நம்ம கம்பெனி நேரத்துக்கே சாப்பிடறாங்க."

"பசி எல்லாருக்கும் ஒண்ணுதானேம்மா."

"கவலைப்படாதீங்க. கம்பெனிக் கணக்கு பாக்கறவளாச்சே நான், வெள்ளிக்கிழமை தவறாம எல்லாக் கோப்புக்கும் நகல் எடுத்து வெச்சிருக்கேன். இதோ, கைப்பையில. கம்ப்யூட்டரைத் துடைச்சுட்டுப் புதுசா ஏத்திட்டா பத்து காசு தர வேண்டாம். நீங்க வீட்டுக்குப் போய் கேட்டைப் பாருங்க. மட்டையைக் குடுத்துட்டுப் போங்க. திருடன் வந்தா எனக்கு வேணும்."

கேட்டில் முதல் கோட் பெயிண்ட் முடியும்போது போனில் செய்தி வந்தது: 'மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தங்கள் மட்டை பூட்டப்பட்டுள்ளது. இரண்டாம் கோட் அடித்தால் விடுவிக்கப்படும். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள.'

அடித்தார். முதுகு இரண்டாகப் பிளந்தது. சாயங்காலம் மனைவி திரும்பி வந்து கூடத்துக்குள் போனாள். சற்று நேரத்தில் உள்ளே பந்து டம்ளரில் விழுந்து டொக் என்றது. மறுபடி டொக். ஐந்து தட்டு, ஐந்து டொக்.

பெயிண்ட் கையோடு ஜன்னலருகே போய் நின்றார்.

"ரெண்டு கோட்டும் ஆச்சும்மா. மட்டை?"

அவள் தலையைத் தூக்கவில்லை.

"கேட்டதைக் குடுத்துட்டா பொருள் திரும்பி வந்துடும்னு யாருங்க சொன்னது? நாளைக்கு என் தம்பிகூட நான் ஆடறேன். நீங்க காம்பவுண்டு சுவரைப் பாருங்க."