கடைசி ரீல் வாய்க்காலில்

ஒரு படத்துக்கு நல்ல விமர்சனம் கிடைக்க நல்ல இயக்குநர் வேண்டும் என்று பலரும் நம்புகிறார்கள். தேவையில்லை. ஒரு சைக்கிள், ஒத்துவராத இரண்டு ஆட்கள், தண்ணீர் ஓடும் ஒரு வாய்க்கால், இவ்வளவு போதும். நாங்கள் நிரூபித்திருக்கிறோம்.

கூத்தாநல்லூர்ப் பக்கம் என் மச்சான் (அக்காவின் வீட்டுக்காரர்) டூரிங் கொட்டகை நடத்திவந்தார். அது கூலிச் சண்டை முற்றியிருந்த அறுவடைக் காலம். கொட்டகையில் நாற்காலியில் மிராசுதார்கள், மணல் தரையில் அறுவடை ஆட்கள். ஒரு காட்சி கலாட்டாவில் நின்றாலும் லைசென்ஸ் போய்விடும் என்று தாசில்தார் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அன்றைக்குப் பார்த்து, பக்கத்து ஊரிலிருந்து ரீல் பெட்டி வரவில்லை. சாலையில் செங்கொடிச் சங்கத்தின் மறியல். படமோ ஒரு இன்ஸ்பெக்டரும் ஒரு பிக்பாக்கெட்டும் ஒரே விலங்கில் மாட்டிக்கொள்கிற அடிதடி சிரிப்புப் படம். எங்களில் யாரும் பார்த்ததில்லை. பட்டணத்துப் பத்திரிகைகளும் கதையைச் சொல்லாமல் "தலைவலி" என்று எழுதி முடித்துக்கொண்டன.

"மிராசுதார் தெருவுல உன்னை விடுவாங்க. மறியல்ல முருகையனை விடுவாங்க. ரெண்டு பேரும் சேந்து போயிட்டு வாங்க மாப்ளே" என்றார் மச்சான்.

நான் ஆளுங்கட்சி. கரை போட்ட துண்டோடுதான் தூங்குவேன். கொட்டகையில் டிக்கெட் கிழிக்கும் முருகையன் செங்கொடிச் சங்கம். எங்கள் இருவருக்கும் டீயில் சர்க்கரை எவ்வளவு என்பதில்கூடக் கருத்து வேற்றுமை உண்டு.

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. திரும்பும்போது நான் மிதிக்க, பின்னால் அவன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மறியல்காரர்கள் கோஷம் போட்டார்கள். கோஷம் கேட்டால் முருகையனின் கை தானாக மேலே போய்விடும். போனது, இரண்டு கையும். நான் சும்மா இருந்தால் கட்சிமானம் என்னாவது? என் தலைவருக்கு வாழ்க சொல்ல நானும் இரண்டு கையைத் தூக்கினேன். சைக்கிளை ஓட்ட ஆளில்லை.

வாய்க்காலிலிருந்து டப்பாக்களைப் பொறுக்கி எடுத்தோம். ஒன்று திறந்துகொண்டு, சேறு குடித்து உருப்படாமல் போயிருந்தது. அதுதான் கடைசி ரீல், "சுபம்" அதில்தான் இருந்தது. மற்ற டப்பாக்களில் ஒட்டியிருந்த நம்பர் சீட்டுகள் தண்ணீரோடு போய்விட்டன.

கொட்டகையில் கூட்டம் விசிலடித்துக்கொண்டிருந்தது. மச்சான் தலைப்பு ரீலைக் கண்டுபிடித்து ஓட்டிவிட்டு, மற்றவற்றை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். சிலவற்றில் இருவரும் தோளில் கை போட்டிருந்தார்கள். சிலவற்றில் விலங்கோடு அடித்துக்கொண்டார்கள்.

"எது முன்னாடி? சீக்கிரம் சொல்லுங்கப்பா."

"தோளுல கை போட்டது முன்னாடி" என்றான் முருகையன். "நம்ம ஊருல எவன் அடிச்சிக்கிட்டு அப்புறம் சேந்திருக்கான்? சேந்து இருந்தவன்தான் அடிச்சிக்கிறான்."

யோசித்துப் பார்த்தேன். என்ன கொடுமை, எனக்கும் அது சரியாகவே பட்டது.

உயிர் நண்பர்கள் இருவர் காட்சிக்குக் காட்சி பகைத்து, கடைசியில் ஒரே விலங்கில் ஆளுக்கொரு பக்கம் இழுத்தபடி நிற்க, திரை வெள்ளையானது. மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். நாற்காலியிலிருந்து ஒரு குரல், "உள்ளதத்தான் எடுத்திருக்கான்" என்றது. தரையிலிருந்து கைதட்டல் எழுந்தது, பிறகு நாற்காலியிலிருந்தும். லைசென்ஸ் பிழைத்தது.

கூலிச் சண்டையைப் பற்றி எழுத வந்திருந்த பட்டணத்து நிருபர் ஒருவரும் அன்று படம் பார்த்திருக்கிறார். அடுத்த வாரம் அவர் பத்திரிகையில் விமர்சனம் வந்தது: "நட்பில் தொடங்கிப் பகையில் முடிக்கும் துணிச்சல் தமிழுக்குப் புதிது." எல்லோரும் கழுவி ஊற்றிய படத்துக்குக் கிடைத்த ஒரே பாராட்டு. தயாரிப்பாளர் அதைப் போஸ்டரிலேயே போட்டார். ஒன்றும் புரியாமல்தான் போட்டிருப்பார். எனக்கும் முருகையனுக்கும் அந்தப் போஸ்டர் முன்னால் நெஞ்சு நிமிர்ந்தது. இன்றுவரை குனியவில்லை.

எங்கள் வீட்டில் யாராவது முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தால், "கடைசி ரீலு வாய்க்கால்ல கெடக்கு, போய் எடுத்துட்டு வா" என்பாள் அக்கா. ஒவ்வொரு தேர்தலும் முடிந்ததும் முருகையன் எங்கள் வீட்டுக்கு வந்து டீ குடிப்பது அப்படித்தான்.

சென்ற மாதம் போன் செய்தான். டிவியில் அந்தப் படமாம், முழுசாக.

"என்ன பாய் இது, கடைசியில ரெண்டு பேரும் கட்டிப்புடிச்சிக்கிறானுங்க. படத்தையே கெடுத்து வச்சிருக்கானுங்க."

"நாம போட்டதுதான் முருகையா படம்" என்றேன்.

வாழ்நாளில் நாங்கள் ஒத்துப்போனது இரண்டே தடவை. இரண்டும் இந்தப் படத்தில்தான்.