மாமியார் கொடுத்த கத்தி

கத்தி பரங்கிக்காய்க்குள் முக்கால்வாசி போய் நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் இறங்கவில்லை.

வார்விக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். கத்தியோடு பரங்கிக்காயும் சேர்ந்து வந்தது. அதை மடியில் வைத்து, முழங்காலால் அமுக்கிக்கொண்டு, கத்தியை இடப்பக்கம் கொஞ்சம் திருகினார்.

'டிக்' என்று சின்னதாக ஒரு சத்தம். கத்தி வெளியே வந்தது. முனை மட்டும் வரவில்லை.

அது நீலத்தோல் பரங்கி, தோல் கல் மாதிரி இருக்கும். எங்கள் குராபெல் ஊரில் விவரம் தெரிந்த எவரும் அதைக் கத்தியால் தொட மாட்டார்கள். பின்வாசல் சிமென்ட் படியில் ஓங்கிப் போடுவார்கள், இல்லாவிட்டால் கோடரி எடுப்பார்கள். அறுபத்தெட்டு வயது வார்விக்குக்கும் இது தெரியும். ஆனால் சூப்புக்குத் துண்டுகள் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று அவருக்கு அன்றைக்குப் பார்த்து ஆசை வந்துவிட்டது.

கோதுமைக் கிடங்கு வேலையிலிருந்து ஓய்வுபெற்ற இந்த இரண்டு வருஷத்தில், அவர் சமையலறையில் உதவி செய்யப்போய் ஒரு கெட்டிலைக் கருக்கியிருந்தார். சலவையில் உதவப்போய் மனைவி நோலாவின் கம்பளிச் சட்டையை ஒரு பொம்மைக்குப் போடும் அளவுக்குச் சுருக்கியிருந்தார். "அஞ்சு நாள் உன் மூஞ்சியப் பாக்காம இருந்தா எனக்கும் நல்லது, உனக்கும் நல்லது" என்று சொல்லிவிட்டு நோலா பல்லாரட்டில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். திரும்பி வரும்போது சூடாகப் பரங்கிக்காய் சூப் நீட்டி அசத்திவிட வேண்டும் என்பது வார்விக்கின் திட்டம்.

அந்தத் திட்டத்துக்கு அவர் எடுத்த கத்திதான் வம்பு.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் நோலாவின் கையெழுத்தில் ஒரு காகிதம் வருஷக்கணக்காக ஒட்டியிருக்கிறது. கத்தியைப் பாத்திரம் கழுவும் மெஷினில் போடக்கூடாது. கண்ணாடிப் பலகையில் வெட்டக்கூடாது. ஈரத்தோடு வைக்கக்கூடாது. கடைசி விதி சிவப்பு மையில்: வார்விக் தொடக்கூடாது.

அது வார்விக்கின் அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்த கத்தி. மரக் கைப்பிடி, அதன் அடியில் சின்னதாக ஒரு சுட்ட தழும்பு, மூன்று பித்தளை ஆணி, சாதாரண விலைக் கத்திதான். கத்தியைச் சும்மா கொடுத்தால் உறவு அறுந்துபோகும் என்று அம்மா கறாராக மருமகளிடம் இரண்டு சென்ட் காசு வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார். அதற்கு முன்னும் பின்னும் அந்த அம்மாள் நோலாவுக்கு மனசாரக் கொடுத்தது வேறு எதுவும் கிடையாது. நோலாவின் கேக் வறட்சி, திரைச்சீலை கோணல், பிள்ளை வளர்ப்பு மோசம் என்று கடைசிவரை குறைதான். அப்படிப்பட்ட மாமியாரின் கத்தியை நோலா நாற்பத்து மூன்று வருஷமாகத் துணியில் சுற்றிக் கண்ணாகப் பார்த்துக்கொள்கிறார் என்றால், அந்த ஒரு பொருளில்தான் அவருக்கு மாமியாரின் பாசம் கிடைத்திருக்கிறது என்று அர்த்தம். வார்விக்குக்கு அது நன்றாகத் தெரியும். திட்டு வாங்குவதற்கு அவர் பயப்படவில்லை, அதில் அவருக்கு நல்ல அனுபவம் உண்டு. நோலா அழுதுவிடுவாரே என்றுதான் பயம்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. நோலாதான்.

"என்ன வார்விக், சாப்ட்டியா?"

"ஆச்சு, ஆச்சு."

"என்ன சாப்ட்ட?"

"ரொட்டி."

"ரொட்டிய எதால வெட்டின?"

வார்விக் மடியில் இருந்த பரங்கிக்காயைப் பார்த்தார். "வெட்டல. பிச்சுப் பிச்சு சாப்ட்டேன்."

"அப்பாடா. அந்தக் கத்திய எடுத்துடாத. பாவம், வயசான கத்தி."

"தெரியும் நோலா."

"கிட்டக்கூடப் போகாத."

"எனக்கு என்ன வேல அங்க?"

"சரி, கேளு. தங்கச்சி வீட்டுக்காரன் ராத்திரி பூரா குறட்ட விடறான். நீயே தேவலன்னு ஆயிடுச்சு. சனிக்கிழமைக்குப் பதிலா வெள்ளிக்கிழம மத்தியானமே பஸ் ஏறி வந்துடறேன்."

அன்றைக்குப் புதன்கிழமை.

வார்விக் முதல் காரியமாகப் பரங்கிக்காயைப் பின்வாசல் படியில் ஓங்கிப் போட்டார். அது சமர்த்தாக ஒரே போடில் பிளந்தது. உள்ளே கத்தி முனை பளபளவென்று கிடந்தது. ஒட்டுப் பசையை எடுத்துப் பார்த்தார், நல்லவேளை, அது வேலைக்கு ஆகாது என்று அவருக்கே தோன்றிவிட்டது.

முனை போனால் என்ன, புது முனை வைத்துவிட்டால் ஆயிற்று என்று சாணை மோட்டாரைப் போட்டார். பொறி பறந்தது. அஞ்சு நிமிஷத்தில் அருமையான முனை வந்தது. கூடவே கத்தி பாதி தூரத்துக்கு நீலம் பாரித்துவிட்டது. தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்க்க வேண்டும் என்பது அவருக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது. சூட்டில் இரும்பின் பதம் போய், ஒரு தக்காளியை வெட்டப் போனால் தக்காளி சும்மா நகர்ந்து கொடுத்தது. கைப்பிடியும் சூட்டில் விரிசல் விட்டிருந்தது.

வியாழக்கிழமை காலையில் கத்தியைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு ஆண்கள் ஷெட்டுக்குப் போனார்.

எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஊர் இந்த ஷெட் உண்டு. ஓய்வுபெற்ற ஆண்கள் தகரக் கொட்டகையில் கூடி, உடைந்ததை ஒட்டி, ஓடுவதைக் கழற்றி, டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். வீட்டில் இருக்கும் பெண்களுக்கு அந்த நாலு மணி நேரம்தான் நிம்மதி. இங்கே எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. ஒருத்தன் ஒரு வேலையைச் செய்தால் மற்றவன் அதைத் திருத்தியே ஆக வேண்டும். திருத்தாவிட்டால் அவனை மதிக்கவில்லை என்று ஆகிவிடும்.

முதலில் மெர்வின் வாங்கிப் பார்த்தார். அவர் ஊர் ஊராகப் போய் ஆட்டு ரோமம் கத்தரித்த ஆள்.

"எத்தன வருஷக் கத்தி இது?"

"நாப்பத்து மூணு."

"வெளையாடாத. நாப்பத்து மூணு வருஷத்துல அலகு கொஞ்சங்கூடத் தேயலையே?"

"நோலா பராமரிச்ச விதம் அப்படி. அவ சாணை பிடிச்சா இரும்புக்கே நோகாது" என்றார் வார்விக். சொல்லும்போதே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"அப்ப நீ ஒரே நாள்ல நாப்பத்து மூணு வருஷத்தையும் தேச்சிருக்க. தள்ளு."

மெர்வின் ஆட்டுக் கத்தரி தீட்டும் சுழல் தட்டில் வைத்து நீலம் பாய்ந்த இடத்தையெல்லாம் எடுத்தார். கத்தியில் பாதி காணாமல் போனது. ஆனால் கூர் அபாரம். வார்விக்கின் முன்கையில் ஒரு இழுப்பு இழுத்தார், முடி சுத்தமாக வந்தது.

அடுத்து ஸ்டாவ்ரோஸ். முப்பது வருஷம் மீன் வறுவல் கடை வைத்திருந்த கிரேக்கர். அவர் கத்தியை வாங்கி வளைத்துப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"யோவ் மெர்வின், இது சமையல் கத்தியா, சவரக் கத்தியா? இவ்ளோ மெல்லிசா வச்சா மொத வெங்காயத்துலயே பல்லு விழுந்துடும்."

"ஆயிரக்கணக்கான ஆட்டுக்கு விழாத பல்லு ஒரு வெங்காயத்துக்கு விழுதா?"

"ஆட்ட நீ நறுக்கினியா? மயிரத்தான வெட்டின?"

ஸ்டாவ்ரோஸ் விளிம்பை மழுக்கி, மறுபடி தடிப்பாகத் தீட்டினார். பத்தரை ஆனது. பத்தரைக்கு டீ. உலகமே கவிழ்ந்தாலும் ஷெட்டில் பத்தரைக்கு டீதான். வார்விக் பிஸ்கட்டை டீயில் முக்கி எடுக்க மறந்து, அது கரைந்து அடியில் போய்விட்டது.

டீ முடிந்ததும் ஆலன் எழுந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். சட்டைப் பையிலிருந்து கோணமானியை எடுத்து அலகின் விளிம்பில் வைத்தார்.

"ஒரு பக்கம் பதினஞ்சு டிகிரி, மறுபக்கம் இருபத்திரெண்டு. ரெண்டு பேருமே பெயில்."

"விட்டுடுங்க ஆலன், இருக்கறதே போதும்" என்று வார்விக் கெஞ்சினார்.

"தப்பான விடைய எப்படிப்பா விட முடியும்?"

விடை சரியானபோது கத்தி சுண்டுவிரல் நீளம்தான் இருந்தது. விரிசல் விட்ட கைப்பிடியைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, மெர்வின் சிவப்பு யூக்கலிப்டஸ் கட்டையில் புதுக் கைப்பிடி ஒன்று செதுக்கி மாட்டிக் கொடுத்தார். அழகான கைப்பிடி. அதைப் பிடித்துக்கொண்டு கிரிக்கெட்டே ஆடலாம்.

நான்கு பேரும் அந்தக் கத்தியைச் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"பல்லு குத்த நல்லா இருக்கும்" என்றார் ஸ்டாவ்ரோஸ்.

வார்விக்குக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தபோது அம்மா முகம் ஒரு பக்கம், நோலா முகம் ஒரு பக்கம் வந்து நின்றன. அந்த இரண்டு பேருக்கும் நடுவில் நல்லதாக இருந்த ஒரே பொருளை ஒரே நாளில் ஒழித்துக்கட்டியாயிற்று. நோலாவிடம் உண்மையைச் சொல்லத் தைரியம் வருமா என்று யோசித்துப் பார்த்தார், வெறுங்கையோடு போனால் வராது என்று தெரிந்தது.

நேரே ஷெரிலின் இரும்புக் கடைக்கு ஓட்டினார். குராபெல்லில் கத்தி, சுத்தியல், கோழித் தீவனம் எதுவானாலும் ஷெரில்தான். முப்பத்தைந்து வருஷமாக அந்தக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்.

"ஷெரில், இருக்கறதுலயே நல்ல கத்தி எது? வெல பத்திக் கவலப்படாத."

ஷெரில் மூக்குக் கண்ணாடியை இறக்கினார். "வெல பத்திக் கவலப்படாதவன் என் கடைக்கு வந்தா நான்தான் கவலப்படணும். என்ன பண்ணித் தொலச்ச?"

வார்விக் செய்தித்தாளைப் பிரித்தார். ஷெரில் உள்ளே இருந்ததைப் பார்த்தார். பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கொஞ்சம் இருமினார்.

"அம்மா குடுத்த கத்தி" என்றார் வார்விக். "நாளைக்கு நோலா வந்துடுவா. அந்தக் கண்ணாடிப் பெட்டியில இருக்கற ஜப்பான் கத்திய எடு. அதக் குடுத்துக் கால்ல விழுந்துடறேன்."

"அது முந்நூத்தி எண்பது டாலர். நீ ஒரு தடவ ஈரத்தோட வச்சா துருப் பிடிக்கும், கீழ போட்டா பீங்கான் மாதிரி உடையும். உன் வீட்டுக்கு அது ஆகாது. இங்க வா."

ஷெரில் அவரைத் தோட்டக் குழாய்களுக்குப் பின்னால் இருந்த கொக்கிகளுக்குக் கூட்டிப்போனார். ஒரு கத்தியைக் கழற்றி அவர் கையில் வைத்தார்.

"கைப்பிடிய மட்டும் பிடிக்காத. கட்டவிரலும் ஆள்காட்டி விரலும் அலகக் கிள்ளிப் பிடிக்கணும். கனம் எந்தப் பக்கமும் சாயுதா?"

"இல்ல."

"கைப்பிடிக்குள்ள இரும்பு கடசி வரைக்கும் போகுதா பாரு. போகுதா? அவ்ளோதான். வாரம் ஒருக்க கல்லுல நாலு இழுப்பு இழுத்தா உன் ஆயுசுக்கும் வரும். இருபத்தி நாலு டாலர்."

வார்விக் அப்போதுதான் கத்தியைச் சரியாகப் பார்த்தார். மரக் கைப்பிடி. மூன்று பித்தளை ஆணி. கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஷெரில்! இது அதேதான்! அச்சு அசல் அதேதான்!"

"அவங்க இன்னும் மாத்தவே இல்ல."

"ஆனா இது புத்தம் புதுசா மினுங்குதே. நோலா பாத்த ஒடனே கண்டுபிடிச்சுடுவா."

"இதுக்கா கவலப்படற?" ஷெரில் கல்லாவில் சாய்ந்துகொண்டு மளமளவென்று சொன்னார். "கைப்பிடிய உப்புத்தாள்ல லேசா தேய்ச்சு, கடுங் கறுப்பு டீயில ராத்திரி பூரா ஊறப் போடு. காலைல வெளக்கெண்ண தடவி வெயில்ல வை. பித்தளை ஆணிக்கு வினிகர் ரெண்டு சொட்டு. அலகுல அர எலுமிச்சம்பழத்தத் தேச்சு ஒரு மணி நேரம் விட்டா பழைய கறுப்பு ஏறிடும். கைப்பிடி அடியில ஒரு சின்னச் சுட்ட தழும்பு இருக்கணும், அத ஒரு ஆணியக் காய வச்சு வச்சுடு. யாரும் கண்டுபிடிக்க முடியாது."

வார்விக்குக்கு ஷெரிலைக் கட்டிப்பிடித்துக் கொள்ளலாம் போல இருந்தது. காசைக் கல்லாவில் வைத்துவிட்டு, கத்தியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனார். போனவர் நின்றார். மெதுவாகத் திரும்பினார்.

"ஷெரில், அந்தத் தழும்பு இருக்கறது உனக்கு எப்படித் தெரியும்?"

ஷெரில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். "நோலாதான் சொல்லிக் குடுத்தா, உங்கம்மா குடுத்தது எண்பத்தி ஒம்பதுலயே பரங்கிக்காய்ல ஒடஞ்சு போச்சு, அதுலேர்ந்து இதே கத்திய ஏழு தடவ வாங்கிட்டா, ஒவ்வொரு தடவையும், 'வார்விக் காதுக்குப் போயிடக்கூடாது ஷெரில், அவன் அம்மா ஞாபகமா வீட்டுல இருக்கறது இது ஒண்ணுதான், தெரிஞ்சா அழுதுடுவான்'னு சொல்லிட்டுத்தான் போவா."