ஷிப்ட் சாரின் ஒற்றைக் கருப்புக் கட்டை

உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ பாட்டுகளை வாசித்திருக்கலாம். ஒரே ஒரு ஸ்கேலை, அதுவும் எட்டே எட்டுக் கட்டையை, முழுசாக இரண்டு வருஷம் வாசித்துத் தாமிரபரணியின் இரண்டு கரையையும் கலங்கடித்தவர் எங்கள் ஷிப்ட் சார் ஒருவர்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்த எனக்கு, ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மாடியறை வாடகைக்குக் கிடைத்தது. கீழே அதை நடத்தியவர்தான் ஷிப்ட் சார். வயது நாற்பத்தைந்து. இயற்பெயர் போர்டிலேயே வெயிலில் அழிந்து போயிருந்தது. "ஷிப்டைப் பாதி அமுக்கினா எழுத்து பாதியில தொங்கும்லா! முழுசா அமுக்கு!" என்று நாளுக்கு நூறு தடவை கத்தியதால் வந்த பட்டம் அது.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை. மேடையில் உட்கார்ந்து கீபோர்டு வாசிக்க வேண்டும். மேலப்பாளையம் காதர் பாய் கல்யாண வீடுகளுக்கும் கோயில் கொடைத் திருவிழாக்களுக்கும் போகும் இன்னிசைக் குழு ஒன்றை வைத்திருந்தார். சார் அவரிடம் போய் நின்றார். பாய் பழைய கீபோர்டு ஒன்றைக் கையில் கொடுத்து, ஹார்மோனிக் மைனர் என்ற ஸ்கேலை வாசித்துக் காட்டினார்.

"நம்ம ஆளுக கீரவாணிம்பாங்க சார். ஏ-யில ஆரம்பிச்சு மேல ஏ வரைக்கும் எல்லாம் வெள்ளைக் கட்டை. ஏழாவது மட்டும் அரைக்கட்டை ஏத்தி, இந்தக் கருப்ப அமுக்கணும். இதப் பழகிட்டு வாங்க, மேடையில ஏத்துதேன்."

"ஜியை ஷிப்ட் போட்டு அடிக்கணும். அம்புட்டுதான பாய்?"

இப்படி ஒரு விளக்கத்தைப் பாய் அதுவரை கேட்டதில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். எனக்குச் சனி பிடித்தது அந்தத் தலையாட்டலில்தான்.

அன்றைக்கே ஒவ்வொரு கட்டைக்கும் எழுத்தை டைப் அடித்து ஒட்டினார் சார். மறுநாள் காலையில் என்னை வழிமறித்தார்.

"வே, ஏ, பி, சின்னு வந்து ஜியோட நிறுத்திட்டு மறுபடியும் ஏ போடுதான். மிச்சம் பத்தொம்பது எழுத்தையும் எங்க கொண்டு வச்சான்? சோம்பேறிப் பய!"

டைப்ரைட்டிங்கில் அவர் வைத்திருந்த சட்டங்கள் கடுமையானவை. கட்டையைப் பார்க்கக் கூடாது. பயிற்சியில் ஓர் எழுத்து தப்பினாலும் பேப்பரை உருவிப் போட்டுவிட்டு முதலிலிருந்து அடிக்க வேண்டும். இரண்டையும் அப்படியே கீபோர்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். கண் சுவரில் இருக்கும். எஃபிலிருந்து ஜியைத் தாண்டிக் கருப்புக் கட்டைக்குப் போவது, வாய்க்காலைத் தாண்டுகிற மாதிரி ஒரு தாண்டல். சார் தாண்டுவார், விழுவார், இல்லாத பேப்பரை உருவுவார், முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஒரு வரி வாசித்ததும் டைப்ரைட்டர் வண்டியைத் தள்ளுகிற பழக்கத்தில் இடது கை தானாக எழுந்து காற்றைத் தள்ளும்.

தப்பித் தவறிக் கருப்புக் கட்டை சரியாக விழுந்துவிட்டால் இன்னும் ஆபத்து. "வந்துட்டு! வந்துட்டு!" என்று குதித்துக் கையை எடுத்துவிடுவார். கடைசி ஏ வரவே வராது. அந்த ஏழாவது சுரம் இருக்கிறதே, அது அடுத்த கட்டையைத் தொடாமல் மனுஷனைச் சும்மா விடாது. தும்மல் மூக்கு வரை வந்து நின்றுபோனால் எப்படி இருக்கும்? தினமும் சாயங்காலம் எனக்கு அப்படித்தான் இருந்தது. ஒரு நாள் பொறுக்க முடியாமல், சாப்பாட்டுத் தட்டோடு மாடியிலிருந்து நானே அந்த மேல் ஏ-யை "ஆ..." என்று உரக்கப் பாடி முடித்துவிட்டேன்.

கீழிருந்து குரல் வந்தது. "கரெக்டு வே! நாளைக்கும் பாடும்!"

அன்றிலிருந்து வாடகையோடு அந்த வேலையும் என் தலையில் விழுந்தது.

வெளியிலும் அவர் சும்மா இருக்கவில்லை. நாங்கள் ஜங்ஷன் போன டவுன் பஸ்ஸில் கண்டக்டரைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, உம்ம விசில் ஜியிலயே நிக்குது. அரைக்கட்டை ஏத்தி ஊதும்."

"வண்டி போகவா நிக்கவா? அத மட்டும் சொல்லும்வே!" என்றார் கண்டக்டர். வண்டி நின்றது. நாங்கள் இறங்கி நடந்தோம்.

இப்படி இரண்டு வருஷம் ஓடிய பிறகு, ஒரு சாயங்காலம் காதர் பாய் மூச்சிரைக்க வந்தார். பக்கத்து மண்டபத்தில் ரிசப்ஷன். கீபோர்டு வாசிக்கிறவருக்குக் காய்ச்சல்.

"சார், உங்க ஸ்கேல்ல ஒரு காதல் பாட்டு இருக்கு, வரிக்கு வரி அந்த எட்டுக் கட்டையிலயேதான் ஏறும். அத மட்டும் நிக்காம வாசிச்சிருங்க, இனிமே குழுவுல நீங்கதான். நடுவுல நின்னுட்டா என்னைய மன்னிச்சிரணும். கீபோர்டத் திருப்பித் தந்துருங்க."

சார் கீபோர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார். போகிற வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். "வே, தப்பிட்டுன்னா?"

"தப்பினா தப்பட்டும் சார்."

"அதெப்படிவே விட முடியும்?"

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மணப்பெண் செல்வி அவரிடம் படித்து டைப்ரைட்டிங் லோயர் பரீட்சை பாஸ் செய்தவள். கூட்டத்தில் பாதிப் பேர் அவரிடம் பாஸோ பெயிலோ ஆனவர்கள். அத்தனை பேர் முன்னாலும் தோற்றுப்போவாரே!

பாட்டு ஆரம்பித்தது. முதல் வரி அழகாகப் போயிற்று. வரி முடிந்ததும் இடது கை எழுந்து தள்ளியதில் தபேலாக்காரரின் கண்ணாடி பறந்தது. இரண்டாம் வரியில் தாண்டல் தப்பியது. சார் நிறுத்தினார், பேப்பரை உருவினார், முதலிலிருந்து ஆரம்பித்தார். பாடகரும் வேறு வழியில்லாமல் பல்லவிக்கே திரும்பினார். மறுபடியும் அதே இடம், அதே உருவல்.

"என்னலே, கிளம்புன எடத்துக்கே வந்து நிக்குதான்?" என்றார், விக்கிரமசிங்கபுரத்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர். காதர் பாய் கூரையைப் பார்த்து "யா அல்லா" என்றார். மூன்றாம் முறையும் தப்பியபோது சார் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

மாலையும் கழுத்துமாகச் செல்வி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"சார்! இது பிராக்டிஸ் இல்ல, எக்ஸாம்! பேப்பர உருவாதீங்க. அடிச்சுக்கிட்டே போங்க!"

பரீட்சை நாளில் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் அவரே சொல்லி அனுப்புகிற பாடம் அது. தப்பினால் திரும்பிப் பார்க்காதே, மார்க்குக் கழிக்கிறவன் கழித்துக்கொள்ளட்டும். சார் நிமிர்ந்தார். கைகள் கட்டைக்குப் போயின.

அதற்குப் பிறகு அவர் நிற்கவில்லை. விழுந்தார், எழுந்தார், போய்க்கொண்டே இருந்தார். வரி முடிந்து இடது கை எழுந்தபோது, பின்வரிசையில் ஒருவன் டைப்ரைட்டர் மணி மாதிரி "டிங்!" என்றான். அடுத்த வரிக்குப் பழைய மாணவர்கள் எல்லோரும் "டிங்!" என்றார்கள். செல்விதான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சொன்னாள். ஒன்றும் புரியாத மாப்பிள்ளையும் நாலாவது வரியில் சேர்ந்துகொண்டார். தபேலாக்காரர் குனிந்து குனிந்து வாசித்தார்.

கடைசி வரி. எஃபிலிருந்து ஒரு தாண்டல். கருப்புக் கட்டை கணீரென்று விழுந்தது. சந்தோஷத்தில் சார் வழக்கம்போலக் கையை எடுத்துவிட்டார்!

சாரின் கண்கள் கூட்டத்தில் என்னைத் தேடின. பாயசக் கிளாஸோடு நான் எழுந்து நின்று, வெட்கத்தை விட்டு, "ஆ..." என்று பாடினேன். அவர் சிரித்துக்கொண்டே அந்த மேல் ஏ-யை அமுக்கினார். மண்டபம் முழுக்க "டிங்!"

"குழுவுல சேத்தாச்சு சார். தபேலாவ மட்டும் வலது பக்கம் மாத்திக்கிடுதேன்" என்றார் காதர் பாய், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

எனக்கு மாற்றலாகி ஊர் ஊராகப் போய் எத்தனையோ வருஷங்கள் ஆகிவிட்டன. இன்றைக்கும் எங்காவது ஒரு பாட்டு அந்தக் கருப்புக் கட்டையில் வந்து நின்றால், அடுத்த சுரத்தை நான் முந்திக்கொண்டு பாடிவிடுகிறேன். சாரைக் காக்கவைக்க எனக்கு மனசு வருவதில்லை.