நீ அனுப்பிய நான்காவது வலைப்பூ

அன்பும் மரியாதையும் மிக்க ருக்மணி அக்காவுக்கு,

நகரியிலிருந்து தங்கை இந்திராணி. இங்கே எல்லோரும் சௌக்கியம். திருப்பதியில் அத்தானின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ கட்டைவிரலைக் காட்டி முடித்துவிடுவாய் என்பதால் இந்தக் காகிதம்.

ஆசிரியர்கள் கட்டாயம் படிக்க வேண்டியவை என்று ஐந்து வலைப்பூக்களை அனுப்பினாயே, எல்லாவற்றையும் படித்தேன். நான்காவதை எழுதுகிறவர் பெயர் போடவில்லை, ஆனால் எழுத்தில் அப்படியொரு நிச்சயம்: ஒரு வாரம் பிள்ளைகளுக்கு விடை சொல்லாதீர்கள், அவர்களைக் கேள்வி மட்டும் கேட்கவிடுங்கள் என்றிருந்தார். என்னதான் ஆகும், பார்ப்போமே என்று ஏழாம் வகுப்பில் ஆரம்பித்தேன். மூன்றாம் நாள், சொல்லாமல் கொள்ளாமல் கல்வி அதிகாரி நாகேந்திரன் சார் வந்து நின்று, "தண்ணி எத்தினி டிகிரில கொதிக்கும்?" என்றார். சுமித்ரா எழுந்து, "எந்த ஊர்ல சார்?" என்றாள். "எந்த ஊரா இருந்தா இன்னாம்மா?" "திருமலைல சமையல் வேலை செஞ்சிக்கினு இருந்தப்ப, மேல சோறு வேக லேட்டாவும்னு எங்க நைனா சொல்லுவாரு. அங்கயும் நூறுதானா சார்?" அவர் என் பக்கம் திரும்பி, "செப்பண்டி டீச்சர்" என்றார். நான் என்னத்தைச் செப்புவது? தெரியாது என்றேன். நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டு டீகூடக் குடிக்காமல் போய்விட்டார். மெமோ வரும், இல்லையென்றால் எங்கோ ஒரு கோடியிலிருக்கும் சாந்திபுரத்துக்கு மாற்றல் என்று நான்கு நாள் எனக்குச் சோறே இறங்கவில்லை.

அவர் வந்துபோன ஐந்தாம் நாள் போனில் அவரே, "டீச்சர், தொண்ணூத்தேழு!" என்று ஒரு கூச்சல். மனிதர் தெர்மாமீட்டரோடு மலைக்கே போயிருக்கிறார்! அடிவாரத்து அலிபிரி சோதனைச் சாவடியில் அது என்ன குச்சி என்று விளக்கவே அரை மணி நேரமாம். மேலே டீக்கடைப் பாத்திரத்தில் அதை விட்டதும், டீ வாங்க வந்தவர்களெல்லாம் வாங்காமல் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்களாம். "தரிசனம் நல்லா ஆச்சா சார்?" என்றேன். "அது மறந்தே பூடுச்சி டீச்சர். அந்த பிளாக் லிங்க் அனுப்புங்க." அனுப்பினேன். அவர் அதை எல்லா ஆசிரியர்களுக்கும் அனுப்பி, இதன்படிதான் நடத்த வேண்டும் என்றுவிட்டார். பக்கத்துப் பள்ளி லட்சுமம்மா டீச்சர் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சுமித்ராவோ நேற்று, "கெணத்துக்குள்ள எறங்கி கொதிக்க வெச்சா நூத்துக்கு மேல போவுமா டீச்சர்?" என்கிறாள். அக்கா, எனக்கும் தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது.

நாற்பது வருடமாவது வகுப்பில் நின்றவரால்தான் இப்படி எழுத முடியும். அந்தப் பெரியவருக்கு நன்றி சொல்லி மின்னஞ்சல் போட்டிருக்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் சண்டை போடாமல் நன்றாக இருக்கட்டும்.

உன் பிரியமுள்ள,
இந்திராணி

பி.கு.: கவரை ஒட்டும்போது பதில் வந்தது. அவர் நாயுடுபேட்டையில் மோட்டார் பம்பு விற்கிறவராம். "நான் எழுதினத யாராவது செஞ்சி பாப்பாங்கன்னு நெனைக்கவே இல்லீங்க. பசங்க முன்னாடி நின்னதே கிடையாது. வெள்ளிக்கிழமை வந்து கடைசி பெஞ்சுல உக்காந்து பாக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். வரச் சொல்லிவிட்டேன். நாகேந்திரன் சாரிடம் எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை.