மெயின்ஃப்ரேமில் நடந்த மரியாதைக் குறைவு

மனித குலத்துக்கு எங்கள் குடும்பம் அளித்த கொடை நான்கு எண்கள். வேறு குடும்பங்கள் குளம் வெட்டியிருக்கலாம், பாலம் கட்டியிருக்கலாம். குளம் தூர்ந்துபோகும், பாலம் இடிந்துபோகும். எங்கள் எண்கள் பதிவுத் துறையின் மெயின்ஃப்ரேம் கணினிக்குள், குளிரூட்டப்பட்ட அறையில், தூசி படாமல் வாழ்கின்றன.

பதிவுத் துறை என்பது பிறந்தவர்களுக்குப் பிறந்ததாகவும் இறந்தவர்களுக்கு இறந்ததாகவும் சான்றிதழ் தரும் இடம். இரண்டுக்கும் ஒரே கூடம், ஒரே வரிசை. அங்கே கணினிப் பிரிவுக்குத் தலைவனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் என் மருமகள். அவள் என் சிபாரிசு இல்லாமல், தேர்வு எழுதி, முதலாவதாக வந்து அந்த வேலையில் சேர்ந்தாள். குடும்பத்தில் இப்படி ஒரு களங்கம் உண்டு என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

எண்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊரார் எல்லாருடைய விவரமும் கணினியின் வட்டில் கிடக்கிறது. வட்டைச் சாமான் அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி வேண்டியதை அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் எடுத்து வைத்துக்கொண்டால், ஒவ்வொரு கரண்டிக்கும் சாமான் அறைக்கு நடக்க வேண்டாம். அந்த அலமாரிக்குப் பெயர் பஃபர். அந்த அலமாரிகள் இருக்கும் மெமரியில் எந்தக் கோப்புகளுக்கு எவ்வளவு பஃபர் என்பதைப் பிரிவுத் தலைவன் எண்ணாகக் கொடுக்க வேண்டும்.

கணினியை விற்றவர்கள் ஒரு கையேடு தந்திருந்தார்கள். எதை அதிகம் பேர் தேடுகிறார்களோ அதற்கு அதிக இடம் கொடுங்கள் என்று அதில் அச்சிட்டிருந்தது. வளர்ப்பு சரியில்லாதவர்கள் எழுதிய கையேடு. அதை மூடி வைத்துவிட்டு, அலுவலகத்தில் நாற்காலிகள் எந்த முறையில் வழங்கப்பட்டிருந்தனவோ அந்த முறையில் மெமரியை வழங்கினேன். இயக்குநரின் கோப்புகளுக்குப் பாதி. துணை இயக்குநர்களுக்குக் கால். மிச்சத்தில் பெரும்பகுதி பிரிவு அலுவலர்களுக்கு. பொதுமக்களின் பதிவுகளுக்கு, கூடத்தில் அவர்களுக்காகப் போட்டிருந்த ஒற்றை பெஞ்சுக்கு ஈடாக ஒரு மூலை. இவைதான் அந்த நான்கு எண்கள்.

இயக்குநரின் கோப்புகள் என்பவை ஆண்டு விழாக்களில் அவர் ஆற்றிய உரைகள். வருடத்தில் ஒரு நாள் அவற்றைத் திறந்து, தேதியை மாற்றிவிட்டு மூடுவார். மற்ற நாட்களில் அந்தப் பாதி மெமரி காலியாக, அடக்கமாக, அவருக்காகக் காத்திருக்கும். பெரியவர் வராத நாளில் அவர் நாற்காலியில் வேறு யாரும் உட்காருவதில்லை அல்லவா? அதே பண்பாடுதான்.

பொதுமக்களின் மூலை சிறியது. ஒருவர் விவரம் உள்ளே வர, இன்னொருவர் விவரம் வெளியேற வேண்டும். எழுத்தர் ஒரு பெயரைத் தட்டினால் திரை நெடுநேரம் யோசிக்கும். அந்த இடைவெளியில்தான் சமூகம் வளர்ந்தது. பிறப்புச் சான்றிதழ் வரிசையில் முன்னும் பின்னுமாக நின்ற இரண்டு தகப்பனார்கள் பேசிப் பழகி, பின்னாளில் சம்பந்திகளானதை நானே பார்த்திருக்கிறேன்.

இந்த ஏற்பாட்டில்தான் மருமகள் கை வைத்தாள்.

எனக்கு அது என் மனைவி மூலம் தெரியவந்தது. தன் பிறப்புச் சான்றிதழின் நகல் வாங்கப் போனவள், கட்டிக்கொண்டு போன சாப்பாட்டைப் பிரிக்காமலேயே வீடு திரும்பினாள்.

"என்ன, விரட்டிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"இல்லங்க. குடுத்துட்டாங்க."

"யார்கிட்ட சொல்லி வாங்கின?"

"யார்கிட்டயும் சொல்லல. பேரைச் சொன்னேன், குடுத்துட்டாங்க."

"என் பேரையா?"

"என் பேரை."

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் இவ்வளவு கடுமையாகப் பேசியதில்லை.

சாயங்காலம் மருமகளைக் கூப்பிட்டு விசாரித்தேன்.

"ஆமா மாமா, நான்தான் மாத்தினேன். இயக்குநரோட இடம் சும்மாதானே கிடக்கு. அதை எடுத்து ஜனங்களோட பதிவுக்குக் குடுத்தேன்."

"அவர்கிட்ட கேட்டியா?"

"அவருக்கு அங்க இடம் இருக்கறதே தெரியாது மாமா."

"தெரியாத மனுஷன்கிட்டேயிருந்து எடுக்கறதுக்குப் பேர் என்னன்னு தெரியுமா உனக்கு?"

மறுநாள் இயக்குநரே என்னைத் தொலைபேசியில் அழைத்தார். குரல் கம்மியிருந்தது.

"ஐயா, மாடியிலேர்ந்து பாக்கறேன், கூடத்துல ஒருத்தர் இல்ல. வர்றவங்க வந்ததும் போயிடறாங்க. அமைச்சர் பார்வையிட வரப்போறாரு. கூட்டமே இல்லாத துறைக்கு இயக்குநர் எதுக்குன்னு கேட்டா, நான் என்ன சொல்வேன்?"

உடனே 'மெமரி மறுபங்கீட்டு ஒழுங்கீன விசாரணைக் குழு' அமைக்கப்பட்டது. எண்களைத் தந்தவன் என்ற முறையில் என்னையே தலைவராக்கினார்கள். சொந்தபந்தத்தைக் குடையோடு சேர்த்து வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே போனேன்.

"உட்காருங்க மாமா," என்றாள் மருமகள்.

"இங்க நான் மாமா இல்ல."

"சரிங்க சார்."

இயக்குநர் இரக்க குணம் உள்ளவர். "பாரும்மா, தவறுதலா கை பட்டுடுச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடு. நாற்காலி உனக்கே. இல்லன்னா உன்னைப் பழைய காகிதக் கிடங்குக்கு மாத்த வேண்டியிருக்கும்," என்றார்.

"கை படல சார். யோசிச்சுத்தான் பண்ணேன்."

தலை குனிந்தேன். எங்கள் குடும்பத்தில் எத்தனையோ பேர் அரசுப் பணியில் இருந்திருக்கிறோம். அலுவலக நேரத்தில் யோசித்ததாக ஒருவர் மீதும் இதுவரை புகார் வந்ததில்லை.

நியாயம் தவறக் கூடாது என்பதற்காக, இரண்டு பேரின் எண்களையும் கூடத்தில் வைத்துச் சோதித்துவிடுவது என்று முடிவு செய்தோம். இயக்குநரும் நானும் கவுன்ட்டர் அருகே நின்றுகொண்டோம்.

முதலில் மருமகளின் எண்கள். மகளின் பிறப்புச் சான்றிதழுக்காக ஒருவர் வந்தார். பள்ளியில் சேர்க்கை அன்று சாயங்காலத்தோடு முடிகிறதாம். பெயரைச் சொன்னார். இயக்குநரைக் கும்பிடக் கையைத் தூக்குவதற்குள் சான்றிதழ் வந்துவிட்டது. தூக்கிய கையால் அதை வாங்கிக்கொண்டு ஓடியே போய்விட்டார். இயக்குநரின் முகத்தை அப்போது பார்த்தவர்கள் யாரும் சாப்பிடப் போகவில்லை.

பிறகு என் எண்களைப் போட்டோம். அதே பள்ளிக்கு, மகனுக்காக ஓர் அம்மா வந்தாள். அவளும் பெயரைச் சொன்னாள். திரை யோசித்தது. அவள் எழுத்தரைக் கும்பிட்டாள். துணை இயக்குநரைக் கும்பிட்டாள். இயக்குநரைப் போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை. என்னை யாரென்றே தெரியாது, இருந்தும் கும்பிட்டாள். தண்ணீர்க் குடம் மாற்ற வந்தவரையும் விடவில்லை. பள்ளி மூடிய பிறகு சான்றிதழ் வந்தது. அதை வாங்கிக்கொண்டபோதும் நன்றி சொன்னாள்.

எந்த எண்கள் மக்களிடம் பண்பை வளர்க்கின்றன என்பதற்கு இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்?

"சார், அந்தப் பையனுக்கு இந்த வருஷம் பள்ளிக்கூடம் போச்சு," என்றாள் மருமகள், குழு மறுபடி கூடியதும்.

"அடுத்த வருஷமும் அதே இடத்துலதான் பள்ளிக்கூடம் இருக்கும்," என்றேன். குழுவினர் மேசையைத் தட்டிப் பாராட்டினார்கள்.

அவளிடம் கடைசியாக ஒரு முறை காகிதத்தை நீட்டினேன். "ஒரு வரிம்மா. தவறுதலா நடந்ததுன்னு எழுது. குடும்ப மானம் இருக்கு."

"இப்ப நீங்க மாமாவா, சாரா?"

"ரெண்டும்தான்."

"அப்போ ரெண்டு பேருக்கும் ஒரே பதில்தான். எழுத மாட்டேன்."

தீர்ப்பில் கையெழுத்திட்டேன். அவள் காகிதக் கிடங்குக்கு மாற்றப்பட்டாள். போகுமுன் என் எண்களை ஒன்று பிசகாமல் தானே நிரந்தரமாகப் போட்டுவிட்டு, என் அருகே வந்தாள்.

"மாமா, இவ்வளவு செஞ்சிருக்கீங்க. அந்தக் கூடத்துல உங்க பேர் எங்கயும் இல்லையே. ஒரு பலகை வைக்கச் சொல்லுங்க. நிக்கறவங்களுக்கு யாராலன்னு தெரியணும் இல்லையா?"

அவள் தலையில் கை வைத்து ஆசி கூறினேன். பெண் திருந்திவிட்டாள்.

பலகையை அமைச்சரே திறந்து வைத்தார். கூடத்தில் அன்று நெரிசல் தாங்காமல் அவரது பாதுகாவலர்கள் திணறினார்கள். 'இக்கூடத்தின் இன்றைய நிலைக்குக் காரணமானவர்' என்று பெரிய எழுத்தில், கீழே என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு முகவரி. வரிசையில் நிற்பவர்கள் வேறு வேலை இல்லாததால் காலையிலிருந்து சாயங்காலம் வரை அதைத்தான் வாசிக்கிறார்கள். சிலர் முகவரியைக் குறித்துக்கொள்வதாகவும் கேள்வி.

பொறாமைக்காரர்கள் இந்தப் பெருமையில் இயக்குநருக்கும் பங்கு உண்டு என்று பேசிக்கொள்கிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அங்கே நிற்கிற ஒவ்வொருவரும் எங்கள் குடும்பத்தால் மட்டுமே நிற்கிறார். எந்த நீதிமன்றத்துக்குக் கூப்பிட்டாலும் வந்து நிரூபிக்கிறேன்.