கடைசியாக நலமாக இருந்தவர்கள்

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. மூன்றாவதாகத் தொண்ணூற்றொரு சதவீதத்தைக் கண்டுபிடித்தது. முதல் இரண்டையும் கண்டுபிடித்த புண்ணியவான்கள் யாரென்று தெரியாது. மூன்றாமவர் மருத்துவமனையின் நான்காம் மாடியில், லிஃப்டுக்கு இடப்பக்கம், 'புற்றுநோய் மீள்வருகை ஆய்வுத் துறை' என்று பித்தளைப் பலகை தொங்கிய அறையில் தினமும் காலை ஒன்பதரைக்கு வந்து உட்கார்ந்தார். அவருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் லிஃப்ட் ஆள் முதல் மருத்துவமனைத் தலைவர் வரை எல்லோரும் அவரைத் 'தொண்ணூற்றொன்று' என்றே சொன்னார்கள். முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள் என்றாலும் அவருக்கு அது தெரியும், பிடிக்கவும் பிடிக்கும். தேர்வில் தொண்ணூற்றொன்று வாங்கிய பிள்ளை வீடு திரும்பும் நடையை அவரிடம் ஐம்பத்தாறாவது வயதிலும் பார்க்கலாம்.

அவர் ஆராய்ந்தது லேசுப்பட்ட விஷயம் அல்ல. மார்பில் வந்த கட்டியை அறுத்து எடுத்தாயிற்று, மருந்து ஏற்றியாயிற்று, கதிர்வீச்சும் கொடுத்தாயிற்று. 'விட்டது சனி' என்று எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் கட்டி இருந்த காலத்திலேயே அதிலிருந்து ஒன்றிரண்டு செல்கள் கழன்று, இரத்தத்தோடு கூடவே போய், எங்கோ ஓர் எலும்புக்குள் படுத்துவிட்டிருக்கும். சத்தம் இல்லை, வலி இல்லை, சோதனையில் அகப்படுவதும் இல்லை. ஆண்டுக்கணக்கில் தூங்கிவிட்டு ஒரு நாள் விழித்துக்கொள்ளும். தூங்கும் செல்களைப் பற்றித் தொண்ணூற்றொன்று இதுவரை நூற்றுப் பதினான்கு சொற்பொழிவுகள் செய்திருந்தார். அவை எல்லாவற்றிலும் அவையில் பாதிப்பேர் அந்த நிலையைச் செய்தே காட்டி ஒத்துழைத்தார்கள்.

அந்தத் தூக்கத்தை நீட்டிக்க அவரிடம் ஒரு மாத்திரை இருந்தது. சிகிச்சை முடிந்த நானூற்றுப் பன்னிரண்டு பெண்களுக்கு அதைக் கொடுத்தார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்டச் சொன்னார். ஐந்து ஆண்டு முடிவில் முப்பத்தேழு பேருக்குத்தான் நோய் திரும்பியிருந்தது. மிச்சம் முன்னூற்று எழுபத்தைந்து பேர், அதாவது தொண்ணூற்றொரு சதவீதம், நலம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த நலமானவர்களில் அறுபத்து நான்கு பேர் ஒரு கட்டத்துக்கு மேல் மருத்துவமனைப் பக்கமே வரவில்லை என்பது மட்டும்தான் கொஞ்சம் இடித்தது.

அவர்களை என்னவென்று அழைப்பது என்று முடிவு செய்ய ஆலோசனைக் கூட்டம் ஒன்று கூட்டப்பட்டது. 'காணாமல் போனவர்கள்' என்றார் புள்ளிவிவரக்காரர். அதில் போலீஸ் நிலைய வாடை அடிப்பதாக எல்லோரும் முகம் சுளித்தார்கள். 'விடுபட்டவர்கள்' என்றால் யார் விட்டது என்று கேள்வி வரும். இரண்டாம் தட்டு பிஸ்கட் காலியானபோது தொண்ணூற்றொன்றுக்கே அந்த ஞானம் பிறந்தது. 'கடைசியாக நலமாக இருந்தவர்கள்' என்று அவர் சொன்னதும் மேசையைத் தட்டி ஆமோதித்தார்கள். பதிவேடு எழுதும் அம்மாள் மட்டும் கையைத் தூக்கி, அவங்க இப்ப எப்படி இருக்காங்க என்று கேட்டார். அது அன்றைய கூட்டத்தின் பொருளில் இல்லாததால் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த கூட்டம் பித்தளைப் பலகையைத் துலக்குவது பற்றியது.

துறையை அவசரப்பட்டுக் குறை சொல்லிவிடாதீர்கள். வராதவர்களைத் தேட அங்கே விதி இருந்தது. மூன்று முறை தொலைபேசியில் அழைக்க வேண்டும். எடுக்காவிட்டால், கடைசியாக வந்தபோது என்ன எழுதியிருக்கிறதோ அதையே மறுபடி எழுதிக்கொள்ள வேண்டும். பதிவேட்டு அம்மாளின் மேசையில் வெளி அழைப்பு வசதி பகல் பதினொன்று முதல் பன்னிரண்டு வரைதான் உண்டு. ஊர் உலகமே வேலைக்குப் போயிருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் அவர் சிரத்தையாக அழைப்பார். மணி அடிக்கும், ஓயும். அவரும் 'நலம்' என்று எழுதுவார். நோயாளியை வீட்டைவிட்டு ஓர் அடி எடுத்துவைக்க விடாமலே நலமாக்குகிற வித்தை வேறு எங்கும் கிடையாது.

அதோடும் விடவில்லை. ஆண்டுக்கொரு முறை நலமானவர்கள் எல்லோருக்கும் கெட்டித் தாளில், வண்ண முத்திரையோடு கடிதம் போனது. 'அன்புடையீர், எங்கள் பதிவேட்டின்படி தாங்கள் பூரண நலத்துடன் இருக்கிறீர்கள். இந்நலம் தொடர வாழ்த்துகிறோம்.' கீழே தொண்ணூற்றொன்றின் கையெழுத்து. ரப்பர் முத்திரை போதுமே என்று சொன்னவர்களை அவர் கடிந்துகொண்டார். நோயாளிக்கு மனிதத் தொடர்பு முக்கியம் என்பது அவர் கொள்கை. ஒரே மூச்சில் முன்னூற்று எழுபத்தைந்து கையெழுத்து போட்டுவிட்டு மணிக்கட்டை உதறிக்கொள்வார். யார் யாருக்குப் போடுகிறோம் என்று பார்த்துக்கொண்டிருந்தால் வேலை ஓடுமா?

அவருக்கு ஓர் அக்கா. தையல்காரி. ஆறு ஆண்டுக்கு முன்னால் அவளுக்கும் மார்பில் கட்டி வந்து, சிகிச்சை முடிந்து, ஆய்வில் இருநூற்று எட்டாம் எண்ணாகச் சேர்ந்திருந்தாள். சேரும்போது படிவத்தில் தொடர்பு எண் கேட்டார்கள். நீ கடையில மெஷின் சத்தத்துல போனை எடுக்க மாட்டே என்று சொல்லி, தொண்ணூற்றொன்று தன் அறை எண்ணையே எழுதிக் கொடுத்தார். வரிசையில் நிற்கவும் வேண்டாம், எப்ப வரணும்னு நானே சொல்றேன் என்றார். தம்பி பெரிய ஆள் என்பதில் அக்காவுக்குத் தலைகால் புரியாத பெருமை. தெருவில் வழி கேட்பவரிடம்கூட அதைச் சொல்லித்தான் அனுப்புவாள்.

இந்த நிலையில்தான் தொண்ணூற்றொன்றுக்குப் பெரிய மண்டபம் ஒன்றில் பேச அழைப்பு வந்தது. நூற்றுப் பதினைந்தாவது சொற்பொழிவு. பல நாட்டு அறிஞர்கள் கேட்கப் போகிறார்கள். பழைய கோட்டு வயிற்றில் மறுத்துவிட்டதால் அக்கா புதிதாகத் தைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை அளவு பார்க்க வரச் சொன்னாள். நேரத்தை வீணாக்கக் கூடாதே என்று அவர் அவள் வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்றபடியே சொற்பொழிவை ஒத்திகை பார்த்தார். அக்கா பல்லிடுக்கில் நாலு குண்டூசியை வைத்துக்கொண்டு, தரையில் முட்டி போட்டு, கோட்டின் கீழ்விளிம்பை மடித்துக் குத்திக்கொண்டிருந்தாள்.

"சிகிச்சை முடிந்து எத்தனை ஆண்டு ஆனாலும், படுத்தாலும் தீராத முதுகுவலி ஒரு பெண்ணுக்குச் சில வாரங்கள் நீடித்தால்," என்று கண்ணாடிக்குள் இருந்த பல நாட்டு அறிஞர்களைப் பார்த்து விரலை உயர்த்தினார், "அவளை ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் பரிசோதிக்க வேண்டும்."

ஒரு பக்கம் குத்தி முடித்த அக்கா எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், அவர் கால்சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் பேச்சை நிறுத்தாமலே ஒரு கையை நீட்டினார். அந்தக் கையைப் பிடித்தும் அவளால் எழ முடியவில்லை. ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள்.

"தம்பி, நீ இப்ப சொன்னே பாரு, அது எனக்கு மூணு மாசமா இருக்கு."

அவர் முதலில் சொன்னது, மெஷின்ல குனிஞ்சே உட்கார்ந்தா அப்படித்தான் இருக்கும் என்பது. மூன்று மாதத்துக்கு முன்னால் அவர் வீட்டுத் தொலைபேசியில் அவள் சொன்னபோதும் இதையே, இதே வார்த்தைகளில், சொல்லியிருந்தார். சொல்லி முடித்த பிறகுதான் அது அவருக்கே காதில் விழுந்தது.

மறுநாளே ஸ்கேன் எடுத்தார்கள். சிகிச்சை மருத்துவர் அவரிடம் படித்தவர். அவருடைய சொற்பொழிவுகளில் தூங்காத சிலரில் ஒருவர். படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். நடுமுதுகில் மூன்று எலும்புகளில் நோய் இருந்தது. அதில் ஒன்று நசுங்கிவிட்டது.

"மூணு மாசம் முன்னாடி வந்திருந்தா நசுங்குறதுக்குள்ள கதிர்வீச்சு கொடுத்திருக்கலாம் சார். இப்பவும் மருந்து இருக்கு, வருஷக்கணக்குல நல்லா பார்த்துக்கலாம். ஆனா முழுசா போகாது. மெஷின்ல உட்காருறதையும் விட்டுடச் சொல்லணும்." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார். "போன வருஷம் ரெண்டு தடவையும் அவங்க பரிசோதனைக்கு வரலையா சார்?"

தொண்ணூற்றொன்று நான்காம் மாடிக்குப் படியேறியே போனார். பதிவேட்டில் இருநூற்று எட்டைப் புரட்டினார். கடைசி இரண்டு கட்டங்களிலும் அழகான கையெழுத்தில் 'நலம்', 'நலம்'. இதை யார் எழுதினது என்று பதிவேட்டு அம்மாளிடம் கத்தினார். அந்த அம்மாள் நிதானமாக மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"விதிப்படிதான் சார். மூணு தடவை கூப்பிட்டேன். எடுக்கல."

"எந்த நம்பருக்கு?"

அந்த அம்மாள் தொலைபேசியை இழுத்து எண்ணைச் சுழற்றினார். பதினொன்றே கால் மணி. மரத் தடுப்புக்கு அந்தப் பக்கம், தொண்ணூற்றொன்றின் காலி அறையில், மேசை இழுப்பறைக்குள்ளிருந்து மணி அடித்தது.

அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. ஆய்வுக் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்த நாட்கள். 'வராத நோயாளிகளைத் தொடர்புகொள்ள இயன்ற முயற்சிகள் அனைத்தும் மேற்கொள்ளப்பட்டன' என்ற வாக்கியம் சரியாக அமையாமல் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது இந்தத் தொலைபேசி விடாமல் அடித்தது. எரிச்சலில் அதைத் தூக்கி இழுப்பறைக்குள் வைத்து மூடினார். அமைதி வந்ததும் வாக்கியமும் வந்தது. கட்டுரை முழுவதிலும் அவருக்கு மிகவும் பிடித்த வாக்கியம் அதுதான்.

"பக்கத்து ரூம்ல அடிக்கிறது எனக்கும் கேட்டுச்சு சார்," என்றார் பதிவேட்டு அம்மாள். "இது உங்க நம்பராச்சேன்னு கேட்கலாம்னு வந்தேன். கதவுல 'தொந்தரவு செய்யாதீர்'னு அட்டை தொங்கிச்சு. நாலாவது தடவை கூப்பிட விதி இல்லை."

எலும்புக்குள் செல்கள் சத்தமில்லாமல் ஆண்டுக்கணக்கில் தூங்குவதை உலகத்துக்கே எடுத்துச் சொன்ன தன்னைவிட நன்றாகத் தூங்கியவர் யாரும் இருக்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது. அப்போது புள்ளிவிவரக்காரர் விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்தார். வரும் வழியிலேயே கணக்குப் போட்டு முடித்திருந்தார். ஒருவரை நலத்திலிருந்து நோய்க்கு மாற்றினால் தொண்ணூறு புள்ளி ஏழு எட்டு.

"பக்கத்து முழு எண்ணுக்குக் கொண்டுபோனா இன்னும் தொண்ணூத்தொண்ணுதான் சார்," என்று தோளைத் தொட்டு ஆறுதல் சொன்னார். "ஒண்ணும் ஆகலை."

அன்று மாலை வார்டில் அக்காவின் கட்டிலருகே அந்த 'ஒண்ணும் ஆகாத' மனிதர் தலைகுனிந்து உட்கார்ந்து, இழுப்பறைத் தொலைபேசியையும் வராத அறுபத்து நான்கு பேரையும் பற்றி எல்லாம் சொன்னார். மூணு மாசமா வலியை வெச்சுக்கிட்டு ஏன்க்கா ஒரு தடவையோட விட்டுட்டே, ஏன் என்னைப் பிடிச்சு உலுக்கலை என்று கடைசியில் கேட்டார். அக்கா தலையணைக்கு அடியிலிருந்து அளவு நாடாவும் ஊசிப்பெட்டியும் வைத்திருந்த பையை இழுத்து, மடித்த கெட்டித் தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

"வலி வந்த வாரந்தான் இது வந்துச்சு. நான் பூரண நலமா இருக்கேன்னு நீயே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கே. படிச்சவன் நீ. என் முதுகு சொல்றதைக் கேட்பேனா, நீ சொல்றதைக் கேட்பேனா?"

அவள் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டாள். அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அக்கா அவர் அழுது முடிக்கிற வரைக்கும் விட்டுவிட்டு, கன்னத்தைத் துடைத்து, வேறொன்று கேட்டாள்.

"என்னைத் தேட நீ இருந்தே. அப்பவும் நான் கிடைக்கலை. மத்த அறுபத்து மூணு பேரும் யாரு நம்பரைக் கொடுத்திருக்காங்களோ?"

தொண்ணூற்றொன்று மறுபடி நான்காம் மாடிக்குப் போனார். மணி ஆறு. பகல் பன்னிரண்டுக்கு மேல் வெளியே அழைக்க வேண்டுமானால் துறைத் தலைவருக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். துறைத் தலைவர் அவர்தான். தனக்குத் தானே விண்ணப்பம் எழுதி, தானே பரிந்துரைத்து, தானே அனுமதித்து, பதிவேட்டு அம்மாளின் நாற்காலியில் உட்கார்ந்து முதல் எண்ணைச் சுழற்றினார். இரண்டாவது மணியிலேயே ஒரு கிழவரின் குரல் கேட்டது. துறையின் பெயரைச் சொன்னார். கிழவருக்குப் புரியவில்லை.

"வருஷா வருஷம் கெட்டித் தாள்ல கடுதாசி போடுறீங்களே, அந்த ஆபீஸா?"

"ஆமாங்க. உங்க வீட்டம்மா எப்படி இருக்காங்கன்னு கேட்கத்தான்."

அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று இழுபடும் சத்தம் கேட்டது. கிழவர் உட்கார்ந்துகொண்டார் போலிருக்கிறது.

"அவ போய் ரெண்டு வருஷம் ஆகுதுங்க," என்றார். "ஆனா கடுதாசியை மட்டும் நிறுத்திடாதீங்க. அவ நல்லா இருக்கான்னு சொல்றது இப்ப நீங்க ஒருத்தர்தான்."